ஈ வெளியேறும் ஜன்னல்

நான் ஜன்னல் செய்கிறவன். சூலூரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அலுமினியச் சட்டம், கண்ணாடி, கொசுவலை, இதுதான் பிழைப்பு. ஊரார் வீட்டுக்குள் எது நுழையக் கூடாது என்று யோசித்தே பாதி ஆயுளை ஓட்டிய நான், ஒரு கட்டத்தில், நுழைந்தது எப்படி வெளியே போகும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். என் அண்ணனை நினைத்துத்தான் அதை யோசித்தேன். பாசத்தில் இல்லை, வயிற்றெரிச்சலில்.

அப்பா விட்டுப்போன இடத்தில் இரண்டு வீடுகள். ஒன்று அண்ணனுடையது, ஒன்று என்னுடையது. நடுவில் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் சந்து. அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலும் என் வீட்டுச் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர் இருக்கும். அண்ணி தாளிப்பது எங்களுக்குத் தும்மலாக வரும். அந்தக் காலத்தில் அது ஒரு சுகம்.

அப்புறம் அண்ணன் பின்பக்கத் தோட்டத்தில் முட்டைக்கோழிப் பண்ணை போட்டார். கூண்டுகளுக்கு அடியில் எரு மலையாகச் சேரும். ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து அடித்தால் நாற்றம் வரும். காற்று நின்றால் ஈ வரும். சாதத்தில் கறுப்பாக எது தெரிந்தாலும் அது நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்போம். என் மாமனார் ஒருமுறை வந்து, இலையில் கை வைக்காமலே, வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார். அன்று சாயங்காலமே நான் அண்ணனிடம் போனேன்.

நான் ஒன்றும் சண்டைக்குப் போகவில்லை. எருவை வாரத்துக்கு ஒருதரம் அள்ளினால் தேவலை என்று சொல்லத்தான் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்:

"ஈ எங்கூட்டுதுதான்னு எப்பிடிச் சொல்றீங்க? ஈயிமேல என்ற பேரு எழுதி ஒட்டியிருக்குதுங்களா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். ஈயின் மேல் பெயர் எழுதுகிற பேச்சை அவள் கண்டுகொள்ளவே இல்லை. "ஏனுங்க, உங்க அண்ணன் உங்களை 'ங்க' போட்டாப் பேசுனாரு?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து அவர் என்னை 'வா கண்ணு, போ கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் யாருக்கு வேண்டுமானாலும் மரியாதை கொடுப்போம். தன் தம்பிக்கு ஒருவன் மரியாதை கொடுக்கிறான் என்றால் உறவு அறுந்துபோயிற்று என்று பொருள். என்னை அவர் வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து ஆறு வருடம், சந்தில் எதிரே வந்தால், "வாங்க", "சொல்லுங்க", "சரிங்க". ஒவ்வொரு 'ங்க'வும் முள்ளாகக் குத்தும். நானும் சளைத்தவன் இல்லை. திருப்பி இரண்டு 'ங்க' சேர்த்துப் போடுவேன்.

என் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தேன். அடித்த பிறகுதான் என் தொழிலின் லட்சணம் எனக்கே தெரிந்தது. வலை போட்டால் ஈ வராது என்று சொல்லித்தான் ஊரெல்லாம் விற்கிறோம். கதவைத் திறந்து மூடுகிற நேரம் போதும் அதற்கு. உள்ளே வந்தது வெளியே போகத் தெரியாமல் வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலுக்குப் போகும், வலையில் ஏறும், மேல்சட்டத்தில் முட்டும், கீழே விழும், மறுபடியும் ஏறும். கண்ணாடிக்கும் வலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கண்ணாடி நகர்கிற ட்ராக்கிலேயே காய்ந்து கிடக்கும். முதல் வருடம் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, காபியைக் குடித்தபடி அதை வேடிக்கை பார்ப்பேன். என் அண்ணன் வீட்டு ஈ என் வீட்டில் சாகிறது. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ட்ராக்கைத் துடைக்கிற வேலை மனைவியுடையது. ஒருநாள் துணியைத் தூக்கி எறிந்துவிட்டாள். "கொல்றதுன்னா ஒரேயடியாக் கொல்லுங்க. இல்லீன்னா வெளிய உட்டுத் தொலைங்க. இது கெடந்து துடிக்கறதை எத்தன நாளைக்கு உக்காந்து பாப்பீங்க?"

வெளியே விடு என்று அவள் இரக்கத்தில் சொன்னாள். எனக்கு அதில் வேறொன்று பிடிபட்டது.

ஈ மேலேதான் ஏறும். எத்தனை முறை விழுந்தாலும் பக்கவாட்டில் வழி தேடாது, கீழே தேடாது. அப்படியென்றால் வழியை மேலே வைத்தால் போதும். வலையைச் சட்டத்துக்குள் அடைக்காமல் சுவரின் வெளிப்பக்கம் கொண்டுபோனேன். கீழேயும் பக்கங்களிலும் இறுக்கமாக ரிவெட் அடித்தேன். மேலே மட்டும் ஜன்னலைத் தாண்டி நாலு விரல் உயரத்துக்கு வலையை நீட்டி, சுவருக்கும் வலைக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டேன். முதலில் அரை இஞ்ச் விட்டேன். குளவி வந்து கூடு கட்டிவிட்டது. கால் இஞ்சாகக் குறைத்தேன். உள்ளே இருக்கிற ஈ வலையைப் பிடித்து ஏறி ஏறி, முட்டுவதற்குச் சட்டம் இல்லாமல், தானாக வெளியே வந்துவிடும். வெளியே இருக்கிற ஈ சாப்பாட்டு வாசனைக்கு வலையின் நடுவில்தான் வந்து மொய்க்கும். மேலே இருக்கிற இடைவெளி அதன் புத்திக்கு எட்டாது. மருந்து இல்லை, விளக்கு இல்லை, மின்சாரம் இல்லை. நான் செய்த வேலைகளிலேயே அழகான வேலை அதுதான். இன்றைக்கும் அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அதோடு விட்டிருக்கலாம். நான் மேலே ஒரு தகட்டை வளைத்து மூடியாக வைத்தேன். மழைச் சாரலுக்கு என்று மனைவியிடம் சொன்னேன். அந்தச் சந்தில் சாரல் அடித்து யாரும் பார்த்ததில்லை. ஏறி வருகிற ஈ சுவரோடு சுவராக ஆகாயத்துக்குப் போய்விடாமல், மூடியில் பட்டு, நேராக எதிர் ஜன்னலுக்குப் பறக்க வேண்டும். அதற்காக அந்த வளைவை நாலு தடவை வெட்டி வெட்டித் திருத்தினேன். அண்ணன் வீட்டு ஜன்னலில் வெறும் கம்பிதான். அண்ணி அங்கேதான் அடுப்பைப் பார்த்து நிற்பாள். என் ஈ வர ஆரம்பித்த பிறகு இடது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கரண்டியால் கிண்டுவதும் துண்டால் விசிறுவதுமாக நிற்பாள். அவள் என்னை ஒரு சொல் சொன்னவள் இல்லை. அது தெரிந்தேதான் செய்தேன்.

அண்ணன் ஒரு வலை அடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். அடிக்கவில்லை. வலை அடித்தால் தன் பண்ணையில் ஈ இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! அந்த வீம்பில் ஆறு வருடம் ஈயோடு சோறு தின்றார். நான் அதைப் பார்த்துக்கொண்டே என் சோற்றைத் தின்றேன்.

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டது அண்ணன் மகன். அப்போது முப்பத்தாறு வயது. டிப்ளமோ படித்துவிட்டு அப்பாவோடு பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாண புரோக்கரைக் கேட்டால் தெரியும். தோட்டம் இருக்கிறதா என்று கேட்ட காலம் போய், கம்பெனி வேலையா என்று கேட்கிறார்கள். கோழிப்பண்ணை என்றால் போனை வைத்துவிடுகிறார்கள். எத்தனையோ ஜாதகம் வந்து திரும்பிவிட்டது. அவன் நெற்றி மேலே ஏறிக்கொண்டே போனது.

அப்படி இருக்கும்போது உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு இடம் கூடி வந்தது. தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். கோயிலில் வைத்துப் பார்த்தார்கள், இரண்டு மாதம் போனில் பேசிக்கொண்டார்கள், பெண்ணே சம்மதம் சொல்லிவிட்டது. இனி பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டால் நாள் குறிக்க வேண்டியதுதான்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் அண்ணன் மகன் என் பட்டறைக்கே வந்தான். சட்டம் அறுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தும்வரை காத்திருந்தான்.

"சித்தப்பா, நாளைக்கு ஒரே ஒரு நாள், உங்க சமையக்கட்டு ஜன்னலச் சாத்தி வெச்சுக்குங்க. கண்ணாடியச் சாத்திட்டீங்கன்னாப் போதும்."

அவனுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடமாகத் தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு முகம் சுட்டது. "ஆகட்டும் கண்ணு" என்றேன். எங்கள் பக்கத்தில் 'ஆகட்டும்' என்றால் சரி என்றும் ஆகும், பார்க்கலாம் என்றும் ஆகும். அவன் சரி என்று எடுத்துக்கொண்டு போனான். உண்மையில் நானும் அப்போது சரி என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் அண்ணன் என் வாசலுக்கு வந்து, படியேறாமல் நின்றார். "நாளைக்கு ஒரம்பரைக வர்றாங்க. முடிஞ்சா வாங்க."

சொந்தத் தம்பியை விருந்தாளிகள் வருகிற நாளுக்கு 'முடிஞ்சா வாங்க' என்று கூப்பிடுகிறார். அந்த 'முடிஞ்சா'வும் அந்த 'வாங்க'வும் விடியும்வரை காதில் ஓடின.

மனைவி காரமடையில் அவள் அக்கா வீட்டில் இருந்தாள். அவள் இருந்திருந்தால் என்னைச் செய்ய விட்டிருக்க மாட்டாள். காலையில் நான் ஒரு பலாப்பழத்தை வெட்டிச் சமையல் மேடையில் பரப்பி வைத்தேன். கொல்லைக் கதவை விரியத் திறந்தேன். ஹாலுக்குப் போகிற கதவை மூடினேன். ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளி வைத்தேன். பண்ணையிலிருந்து ஈ வந்தது, பழத்தில் உட்கார்ந்தது, வெளிச்சத்தைப் பார்த்தது, வலையில் ஏறியது, மேலே போய் வெளியேறியது. சாரைசாரையாக எதிர் ஜன்னலுக்குள் போனது. அங்கே அண்ணி கேசரியும் பஜ்ஜியும் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். துண்டு போதாமல் முறத்தை எடுத்து விசிறினாள்.

கல்யாணத்தைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை யாரும் நம்பப் போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சபையில் அண்ணன் ஒரு மணி நேரம் கூசிப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். ஆசை நிறைவேறியது. அங்கிருந்து திரும்பி வந்த எங்கள் இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், வந்த பெண்கள் காபி டம்ளரை உள்ளங்கையால் மூடியே வைத்திருந்தார்களாம்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பாவே என் வீட்டுக்கு வந்தார். சம்பந்தம் பேசுகிற வீட்டில் பங்காளியை விசாரிக்காமல் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வருவார்கள். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, நிதானமான மனுசர். ஹாலில் உட்கார வைத்தேன்.

பையனைப் பற்றிக் கேட்டார். நான் ஒன்றுக்குப் பத்தாக நல்லதே சொன்னேன். "தங்கமான பையனுங்க. கண்ண மூடிட்டுக் குடுக்கலாமுங்க." மனசாரச் சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த ஊட்ல ஒக்கார முடியலீங்க. ஒட்டியே இருக்கற இந்த ஊட்ல ஒரு ஈ காணோமே!"

இந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். ஒரு வாடிக்கையாளனும் என்னை இப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்க, காட்டறேன்" என்று எழுந்து, மூடி வைத்திருந்த சமையலறைக் கதவை நானே என் கையால் திறந்துவிட்டேன்.

வலையைக் காட்டினேன். கால் இஞ்சைக் காட்டினேன். குளவிக் கதையைச் சொன்னேன். ஒரு ஈயை விரலால் தொடர்ந்தேன்: "பாருங்க, ஏறுது, ஏறுது, இப்பப் பாருங்க, போயிருச்சு!" அவர் ஈயைத்தான் பார்த்தார். அது மூடியில் பட்டு, சந்தைத் தாண்டி, எதிர் ஜன்னல் கம்பிக்குள் போய், பஜ்ஜித் தட்டில் உட்கார்வதைப் பார்த்தார். அண்ணி விசிறியதைப் பார்த்தார். பிறகு திரும்பி மேடையில் பரப்பியிருந்த பலாச்சுளைகளைப் பார்த்தார். திறந்து கிடந்த கொல்லைக் கதவைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் எனக்குப் பலாப்பழம் ஞாபகம் வந்தது.

"நல்ல வேலைப்பாடுங்க" என்றார்.

மூன்றாம் நாள் அண்ணன் வீட்டுக்குத் தகவல் வந்தது, ஜாதகத்தை இன்னொரு இடத்தில் பார்த்தோம், பொருந்தவில்லை என்று. அதே நாள் பெண்ணின் அப்பாவிடமிருந்து எனக்கும் போன் வந்தது. தன் வீட்டுக்கு அதே மாதிரி ஆறு ஜன்னல் வேண்டும் என்றார். நான் தயங்கித் தயங்கிச் சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஈயப் பத்தி ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர். "எங்கூட்லயும் மாடு கன்னு கெடக்குது. ஈ இல்லாத ஊடு ஏதுங்க? ஆனா நாளைக்கு எம்புள்ள அந்தச் சமையக்கட்டுலதானுங்களே நிக்கோணும்? எதுத்தாப்ல நீங்க இருப்பீங்களே."

குரலில் கோபமே இல்லை. அடுத்த மூச்சிலேயே ஜன்னல் அளவுகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் எழுதிக்கொண்டேன். மூடிகளைத் தோப்புப் பக்கம் பார்த்து வைக்கச் சொன்னார். அந்தப் பக்கம் வீடு கிடையாதாம்.

ஜன்னல்களை நானே கொண்டுபோய் மாட்டினேன். ஏன் போனேன் என்று மனைவி கேட்டாள். வேலை என்றேன். அந்தப் பெண்தான் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தது. அப்பா தோப்புக்குள் போகும்வரை நின்றிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டது: "நெசமாலுமே ஜாதகம் சேரலீங்களா?"

அதனிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் ஏணியில் நின்றபடி, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, "ஆமா அம்மிணி, சேரலையாமா" என்றேன். அது டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. நான் ஆறாவது ஜன்னலையும் சரியாகவே மாட்டினேன்.

அண்ணன் ஜாதகக் கதையை நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்றால் வேறு எதுவோ பொருந்தவில்லை என்று குழந்தைக்கும் தெரியும். டம்ளரை மூடிய கைகளை அவர் பார்த்திருந்தார். அந்தப் பேட்ச் கோழிகள் முடிந்ததும் புதுக் குஞ்சு இறக்கவில்லை. ஒரு காலையில் லாரி வந்து கடைசிக் கோழிகளை ஏற்றிக்கொண்டு போனது. இன்னொரு நாள் கூண்டுகளைப் பழைய இரும்புக்குக் கழற்றினார்கள். அண்ணன் மகன்தான் நின்று ஒவ்வொரு கூண்டாக எடுத்துக் கொடுத்தான். இப்போது அவன் சூலூரில் ஒரு நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறான். முப்பத்தெட்டாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் திருப்பூர்ப் பக்கம் கல்யாணம் முடிந்துவிட்டதாகக் கேள்வி.

எரு காய்ந்தது. ஈ போயிற்று. என் ஜன்னலில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் என் வீட்டுப் படியேறி வந்தார். எட்டு வருடம் கழித்து வருகிறார். ஹாலில் உட்காராமல் நேராகச் சமையலறைக்கே வந்து, அந்த ஜன்னலுக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்தார். மனைவி காபி கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சந்தைப் பார்த்துப் பேசினார்.

"அதெல்லாம் என்ற ஈதான் கண்ணு. நீ அன்னிக்கே சொன்ன. நாந்தான் கேக்கல. எம்பையன் பொழப்ப என்ற ஈயே கெடுத்துப்போட்டுது."

எட்டு வருடமாக இந்தச் சொல்லுக்குத்தான் ஏங்கியிருந்தேன். 'என்ற ஈ' என்றார், தன்னுடையது என்று. 'கண்ணு' என்றார். 'நீ' என்றார். இல்லைங்கண்ணா, ஈ இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். மனைவி அடுப்புப் பக்கம் நின்று என்னையே பார்த்தாள். சொன்னால் அந்த 'கண்ணு' திரும்பப் போய்விடும்.

"ஆமாங்கண்ணா" என்றேன். "ஈதானுங்க காரணம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தார். அப்போது எதிர் ஜன்னலில் நிழல் தெரிந்தது. அண்ணன் மகன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. பிறந்ததிலிருந்து என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்ட பையன், வழியில் போகிற ஒருவரை நிறுத்துகிற மாதிரி என்னைக் கூப்பிட்டான்.

"ஏனுங்க, எங்கப்பனக் கொஞ்சம் அனுப்பி உடுங்க. சோறு ஆறுதுங்க."